சும்மாக்கிழமை

அழைப்பு மணி அடித்தபோது அம்மா நீச்சல் கண்ணாடி போட்டுக்கொண்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கழற்றத் தோன்றவில்லை. அப்படியே போய்க் கதவைத் திறந்தாள். வாசலில் ஒல்லியாக ஒருவர். கக்கத்தில் குடை, கையில் அட்டையில் செருகிய படிவம்.

"வணக்கம்மா. கல்வி அலுவலகத்துலேர்ந்து வர்றேன். பத்து மணின்னு கடிதத்துல போட்டிருந்தோமே."

"அது புதன்கிழமையாச்சே, சார்."

"இன்னைக்குப் புதன்தாங்க."

"இல்லையே, இன்னைக்கு சும்மாக்கிழமை" என்றாள் அம்மா. சொன்னது தன் காதிலேயே விழுந்த பிறகுதான் அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அந்த வீட்டில் வாரத்துக்கு எட்டு நாள். பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படிக்கிற பிள்ளைகள் மூன்று பேர். அதில் மூத்தவள், பன்னிரண்டு வயது, எதைச் சொன்னாலும் எதிர்வாதம் வைப்பதால் வக்கீல் என்று பெயர் வாங்கியவள், ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கிளப்பினாள்: "வாரத்துக்கு ஏழு நாள்னு முடிவு பண்ணாங்களே, நம்மளை ஒரு வார்த்தை கேட்டாங்களா?" கேட்கவில்லைதான். வாக்கெடுப்பு நடந்தது. பிள்ளைகள் மூன்று, பெரியவர்கள் இரண்டு. ஞாயிற்றுக்குப் பிறகு எட்டாவதாக ஒரு நாள் முளைத்தது. அன்றைக்கு யாரும் யாருக்கும் எதையும் கற்றுத்தரக் கூடாது. மீறினால் அன்றைய பாத்திரம் முழுக்க அவர்கள் தலையில்.

சட்டம் என்னவோ பொதுவானதுதான். குறி வைத்தது அம்மாவை. பட்டாணி உரித்தால் அவள் பின்னத்தை ஆரம்பிப்பாள், குழாய் சொட்டினால் ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் என்று கணக்குப் போடச் சொல்வாள். இதுவரை வந்த இரண்டு சும்மாக்கிழமையிலும் பாத்திரம் தேய்த்தது அவள்தான்.

அதிகாரியின் கடிதம் போன வாரம் வந்தது. 'புதன்கிழமை' என்று கண்ணில் பட்டதும், குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த வீட்டு நாட்காட்டியில் புதன் எங்கே என்று தேடி, அங்கே காந்தம் வைத்துச் செருகிவிட்டாள். அந்தப் புதனுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. கடிதத்தில் தேதியும் தெளிவாகத்தான் போட்டிருந்தது. காந்தம் தேதிமேல் உட்கார்ந்திருந்தது.

"உள்ளே வாங்க, சார். பார்த்து வாங்க, மெத்தை."

மாடிப்படி முழுக்க ஒரு மெத்தை சாய்ந்து கிடந்தது. ஐந்து வயதுக் கடைக்குட்டி, பொடி, சமையல் தட்டின்மேல் உட்கார்ந்து அதில் சறுக்கி அதிகாரியின் காலடியில் வந்து நின்றான்.

"வணக்கம்" என்றான் தட்டில் உட்கார்ந்தபடியே.

வக்கீல் மேசைக்கடியில் படுத்திருந்தாள். ஒன்பது வயது நடுப்பிள்ளை சோபாவில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தான். கண்ணில் படுவதையெல்லாம் அளக்கிறவன் என்பதால் அவனுக்கு மீட்டர் என்று பெயர். அதிகாரி குனிந்து அவன் முகத்துக்கு நேராகக் கேட்டார்.

"என்ன தம்பி பண்றே?"

"ஒண்ணுமில்லை, சார். இன்னைக்கு இதான் வேலை."

அதிகாரி நாற்காலியில் இருந்த ஒற்றைக் காலுறையை மெல்ல எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். பேனாவைத் திறந்தார்.

"நான் அதிக நேரம் எடுத்துக்க மாட்டேம்மா. இன்னும் மூணு வீடு பாக்கி. ஏதாவது ஒரு பாடம் நடக்கறதை நான் நேர்ல பார்க்கணும். 'பார்த்த பாடம்'னு இங்க ஒரு கட்டம் இருக்கு, பாருங்க. அதை நிரப்பிட்டா இன்னொரு வருஷத்துக்கு அனுமதி."

"நிரப்பலைன்னா?"

"திங்கட்கிழமை பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துல சேர்க்கணும். விதி அப்படி. நான் வெச்சது இல்லை."

"எந்தத் திங்கள்?" என்றது மேசைக்கடியிலிருந்து ஒரு குரல்.

"ஊர்ல எல்லாருக்கும் வர்ற திங்கள்தான், பாப்பா."

அம்மா நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். "அதுக்கென்ன, சார், இப்பவே பார்க்கலாம். டேய் மீட்டர், எழுந்திரு. இந்த மேசை என்ன நீளம், என்ன அகலம், பரப்பு எவ்வளவு..."

"அம்மா, பாத்திரம்" என்றான் பொடி. சட்டம் மீறியவர்களின் கணக்குக்காக ஒவ்வொருவர் படமும் வரைந்து வைத்திருந்த சமையலறைக் கதவில், சுண்ணக்கட்டியை எடுத்து அம்மா படத்துக்கு நேராக ஒரு கோடு போட்டான்.

"டேய், சார் வந்திருக்காருடா."

"யார் வந்தாலும் சட்டம் சட்டம்தான்" என்று வக்கீல் வெளியே ஊர்ந்து வந்தாள். முழங்காலில் தூசி, முகத்தில் கலவரம். திங்கட்கிழமைப் பள்ளிக்கூடம் அவள் காதிலும் விழுந்துவிட்டது. "ஆனா ஒரு வழி இருக்கு. இன்னைய நாளையே ரத்து பண்ணிடலாம். அஞ்சு பேரும் ஒத்துக்கணும். அப்பா ஓட்டு வேணும்."

அப்பா ராத்திரியெல்லாம் பேக்கரியில் மாவு பிசைந்துவிட்டு எட்டு மணிக்குத்தான் வந்து படுத்திருந்தார். நால்வரும் அறைக்குள் பாய்ந்தார்கள். மெத்தை தடுக்கி மீட்டர் விழுந்தான், மீட்டர் தடுக்கி அம்மா விழுந்தாள்.

"ஏங்க, எழுந்திருங்க. சும்மாக்கிழமையை ரத்து பண்ணணும். சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

அப்பா ஒரு கண்ணைத் திறந்தார். மீசையில் இன்னும் மாவு.

"மாட்டேன்."

"அப்பா, காரணத்தைக் கேளு முதல்ல."

"இந்த வீட்ல எனக்கு நிம்மதியான நாள் இது ஒண்ணுதான். என் பிணத்தைத் தாண்டித்தான்" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டார். அடுத்த நொடி குறட்டை.

"தோத்துட்டோம்" என்றாள் வக்கீல்.

கூடத்துக்குத் திரும்பினால் அதிகாரியைக் காணோம். சமையலறையில், குளிர்சாதனப் பெட்டி முன் கைகட்டி நின்று நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆக, இதனாலதான் என்னை எதிர்பார்க்கலையா? இது எப்பத் தொடங்கினது?"

"இன்னைக்கு இருபத்துநாலாவது நாள், சார்" என்றான் மீட்டர். "ஊர் வாரமும் எங்க வாரமும் ஒரே திங்கள்லதான் ஆரம்பிச்சது. எங்க வாரம் ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் பின்னால போகும். அம்பத்தாறு நாள் ஆனா மறுபடி சேர்ந்துடும்."

"அப்படியா?" அதிகாரி தாடையைத் தடவினார். "அப்போ இன்னைலேர்ந்து அம்பதாவது நாள், உங்க கணக்குல என்ன கிழமை?"

"இது பாடமா, சார்?" என்றாள் வக்கீல் சந்தேகமாக.

"இல்லை பாப்பா. எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கக் கேட்கறேன்."

அவ்வளவுதான். மூன்று பேரும் மூன்று திசையில் பறந்தார்கள். வக்கீல் காலுறையைத் தள்ளிவிட்டுக் காகிதம் தேடினாள். மீட்டர் மறுபடி தலைகீழாகத் தொங்கினான், அவனுக்கு அப்படித்தான் மூளை ஓடும். பொடி அம்மாவின் பொத்தான் டப்பாவைத் தரையில் கவிழ்த்து, ஐம்பதை எண்ணி எடுத்து, எட்டு எட்டாக அடுக்க ஆரம்பித்தான்.

நான்காவது வரிசையில் ஏழுதான் வைத்தான்.

அம்மாவுக்கு அது உடனே தெரிந்தது. நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஐந்தாவது வரிசை, ஆறாவது வரிசை. அம்மா சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். அதுவும் போதாமல் நீச்சல் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, அதற்குள் கண்ணை மூடினாள்.

"மூணு மிச்சம்" என்றான் பொடி. "அப்போ புதன்."

"செவ்வாய்" என்றாள் வக்கீல் காகிதத்திலிருந்து.

"செவ்வாய்" என்றான் மீட்டர் தலைகீழாக.

"இல்லை, புதன். நீங்களே வந்து பாருங்க." பொடி பொத்தான்களுக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். "ஐயோ, இந்த வரிசை குட்டையா இருக்கு." மிச்சத்திலிருந்து ஒரு சிவப்புப் பொத்தானை நகர்த்தி வைத்தான். "செவ்வாய்தான்."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல மூச்சை விட்டாள்.

அதற்குள் அதிகாரி தரையில் மண்டியிட்டிருந்தார். குடை எங்கேயோ உருண்டு போயிருந்தது.

"இங்க பாரு, கண்ணா. இந்த முழு வரிசையெல்லாம் இருக்கே, அதை அப்படியே ஓரமாத் தள்ளு. எட்டு நாள் போனா மறுபடி இதே கிழமைதான் வரும். அதனால எத்தனை வரிசை இருந்தாலும் கவலையில்லை. மிச்சத்தை மட்டும் எண்ணினாப் போதும்."

"நூறு வரிசை இருந்தாலும்?"

"ஆயிரம் இருந்தாலும்."

பொடி வாயைப் பிளந்து அந்த இரண்டு பொத்தானையே பார்த்தான். பிறகு அதிகாரியைப் பார்த்தான். பிறகு சுண்ணக்கட்டியைத் தேடினான்.

"சார்" என்றாள் வக்கீல் மெதுவாக, "இப்ப நீங்க என்ன பண்ணீங்க தெரியுமா?"

"என்ன பண்ணேன்?"

"கத்துக்குடுத்துட்டீங்க."

"அய்யய்யோ, சார் விருந்தாளிடி" என்று அம்மா ஓடி வந்தாள். "சார், பிள்ளைங்க ஏதோ..."

அதிகாரி கதவைப் பார்த்தார். பொடி அங்கே ஒரு குடை வரைந்து அதற்கு நேராகக் கோடு போட்டுக்கொண்டிருந்தான். அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார்.

"சட்டம்னா சட்டம்தானேம்மா. நானே அதை வெச்சுத்தானே உங்க வீட்டு வாசல்ல வந்து நின்னேன். நார் எங்க இருக்கு?"

இரண்டு கோடு என்பதால் அம்மா தேய்த்தாள், அதிகாரி அலசினார். மீட்டர் அடுக்கினான். அப்பா கொண்டுவந்திருந்த பேக்கரித் தட்டுகளே பன்னிரண்டு.

"ஏம்மா, அந்தச் சின்னவன் தப்பா வெச்சது உங்களுக்குத் தெரிஞ்சுதுதானே?"

"தெரிஞ்சுது, சார்."

"சொல்லலையே?"

"சொல்லியிருந்தா இந்தக் குழம்புச் சட்டியும் எனக்குத்தான்."

அதிகாரி சிரித்த சிரிப்பில் ஒரு தட்டு கைநழுவி, மீட்டர் கையில் போய் விழுந்தது.

ஈரக் கையோடுதான் படிவத்தை எடுத்தார். 'பார்த்த பாடம்' என்ற கட்டத்தில் 'மீதி' என்று எழுதினார். 'கற்பித்தவர்' என்ற கட்டத்தில் பேனா நின்றது.

"என் பேரை எழுத முடியாது. உங்கம்மா பேரையும் எழுத முடியாது, அவங்க வாயே திறக்கலை."

"வாரம் எப்படி ஓடுதுன்னு உங்களுக்கு யார் சொன்னா, சார்?" என்றாள் வக்கீல். "நாங்கதானே?"

அதிகாரி தலையாட்டினார். 'பிள்ளைகள், அதிகாரிக்கு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கையெழுத்தின் கடைசி எழுத்து ஈரத்தில் கொஞ்சம் கசிந்தது.

"அனுமதி கொடுத்தாச்சு. அடுத்த வருஷம் கடிதம் வந்தா, தயவுசெஞ்சு காந்தத்தை ஓரமா வைங்கம்மா."

மூன்றும் மெத்தையில் ஏறிக் குதித்த சத்தத்தில் அப்பா எழுந்து வந்து, வாசலில் நின்ற அந்நியரைப் பார்த்து, "ரத்து பண்ண வந்தவர் இவர்தானா?" என்று கேட்டார்.

அதிகாரி குடையைத் தேடி எடுத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். "மழை வருமோ?"

"வராது, சார்" என்றாள் அம்மா. தலையிலிருந்த பாரமெல்லாம் இறங்கியதில் அவளுக்கு நாக்கில் கட்டுப்பாடே இல்லை. "அந்த மேகம் பாருங்க, பஞ்சு மாதிரி தனித்தனியா இருக்கா, அடிப்பக்கம் தட்டையா, அது எப்படி உண்டாகுதுன்னா..."

"அம்மா" என்றது உள்ளேயிருந்து மூன்று குரல்.