வேலிக்கு வெளியே ஒரு கிருமி

1

எனக்குக் கதைகள் காதில்தான் வரும். முகமெல்லாம் பிறகு. இந்தக் கதை வந்ததும் அப்படித்தான். மலேசியாவில், லாபு பக்கத்தில், ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியின் சிற்றுண்டிச்சாலையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் சண்டை.

“நான்தான் கிருமி!”

“நீ சவுக்காரம்லா. சார் சொல்லிட்டாரு.”

“சவுக்காரத்துக்கு வசனமே இல்ல. நீயே சவுக்காரமா இரு!”

கிருமியாகத் துடித்தவள் ரோகினி, முதலாம் ஆண்டு, ஏழு வயது. சென்ற மாதம் அவள் வகுப்பில் கை, கால், வாய்ப்புண் நோய் பரவி, வகுப்பையே மூடினார்கள். இனி அப்படி ஆகக்கூடாது என்று சசிதரன் சார் என்னிடம் ஒரு நாடகம் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். நல்ல வசனமெல்லாம் கிருமிக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. என்ன செய்வது, கெட்டவர்கள்தான் நன்றாகப் பேசுகிறார்கள். சண்டையில் ரோகினியே ஜெயித்தாள்.

2

செம்பனை மரங்களுக்கிடையே பனி விலகிய அந்த இனிய காலையில்

[வேண்டாம். அன்று பனியைப் பற்றி யாரும் பேசவில்லை.]

நோய்த்தடுப்பு என்பது ஒரு சமுதாயத்தின்

[இது தலைமையாசிரியர் உரை. அவரே பேசட்டும்.]

சரி, பள்ளி வாசலில் தொடங்குகிறேன். வகுப்பு மூடித் திறந்ததிலிருந்து தினமும் காலையில் அங்கே ஒரே குரல்தான்.

“கையைக் காட்டு. வாயைத் தொற.”

நாடக நாளன்று ரோகினி கையை நீட்டினாள். உள்ளங்கை முழுக்கச் சிவப்புப் புள்ளிகள்.

“சார், மேக்கப்! அம்மா லிப்ஸ்டிக்ல போட்டாங்க.”

“நல்லாத்தான் இருக்கு. நாடகம் ஓய்வுக்கு அப்புறம்தானே? அதுக்குள்ள என்னா அவசரம்?”

சார் ஈரத்துணியால் துடைத்தார். புள்ளிகள் போயின. சில போகவில்லை.

“இதை யாரு போட்டா?”

ரோகினி பின்னால் நின்ற அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

3

இந்த அம்மா லோகேஸ்வரியை நான் என்ன செய்வது? ‘ஒன்றுமறியாத அந்தத் தாய்’ என்று எழுதினேன். உடனே காதில் வந்து நின்றாள்.

“தெரியாதுன்னு எழுதாதீங்க ஆன்ட்டி. காலையிலயே பாத்துட்டேன். தூக்கத்துலகூட ‘ஹா ஹா, நான் வந்துட்டேன்’னு சொல்ற பிள்ளகிட்ட எப்படிப் போகாதன்னு சொல்றது? அதான் மேலயே புள்ளி வச்சு மறைச்சிட்டேன்.”

“மத்த பிள்ளைங்க?”

(வாசகருக்கு: இங்கே வரி எதுவும் விடுபடவில்லை. அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குக் கிளம்பிவிட்டாள்.)

கிளினிக்கில் டாக்டர், லேசானதுதான், ஆனால் குணமாகும்வரை மற்ற பிள்ளைகள் பக்கமே போகக்கூடாது என்றார்.

4

முதல் முடிவு: நாடகம் ரத்து. ரோகினி ஜன்னலோரம் அழுகிறாள். [கிழித்துவிட்டேன். பிள்ளையை அழவைத்துப் பெயர் வாங்கும் ஆசை எனக்கில்லை.]

இரண்டாம் முடிவு: வேறொரு பிள்ளை கிருமியாக [“பாட்டி, அது என் வசனம்!”]

மூன்றாவதை லோகேஸ்வரியே கைப்பேசியில் சொன்னாள்.

“சார், திடல் வேலிக்கு வெளிய காடிய நிறுத்துறேன். கண்ணாடிய இறக்க மாட்டேன். போன்ல பேசட்டும்.”

“காடிக்குள்ள உக்காந்து நடிக்கிறதா?”

“கிருமி வெளியதானே சார் இருக்கணும்?”

சாருக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

5

ஓய்வு நேரச் சாப்பாடு முடிந்தது. திடலில் மேடை. வேலிக்கு அப்பால் ஒரு சின்னக் கார், கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு அட்டைக் கொம்புகள். சார் தன் கைப்பேசியை மைக்கில் வைத்ததும் ஒலிபெருக்கி அதிர்ந்தது.

“ஹா ஹா, நான் வந்துட்டேன்! கதவைத் தொறங்க!”

“தொறக்க மாட்டோம்!”

பள்ளிக்கூடமே கத்தியது. ஒத்திகையில் ஒருநாளும் இப்படிக் கத்தியதில்லை.

நான் எழுதியபடி கிருமி இப்போது ‘தோற்றேன், ஓடுகிறேன்’ என்று சொல்ல வேண்டும். ரோகினி சொன்னாள்:

“போறேன்லா. ஆனா இப்ப சாப்பிட்டீங்களே, யாரு யாரு கை கழுவுனீங்க?”

பிள்ளைகள் தங்கள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தன. பிறகு ஒரு பிள்ளை ஓடியது. பிறகு எல்லாமே குழாயடிக்கு ஓடின. வசனமில்லாத சவுக்காரமும் ஓடியது. நெளிந்துகொண்டே தலைமையாசிரியரும் போனார். வேலிக்கு வெளியே ஹாரன் விடாமல் அலறியது, கொம்புகள் குதித்துக்கொண்டிருந்தன.

மேடை காலி. நான் எழுதிய கடைசி வசனங்கள் யாரும் பேசாமல் கிடக்கின்றன. குழாயடிக் கூச்சலில் எனக்கு வேறொன்றும் கேட்கவில்லை. கேட்காததை எழுத எனக்குத் தெரியாது. கடைசி வசனத்தை நீங்களே மேடையேறிச் சொல்லிவிடுங்கள்.

வாசல் வழியாகத்தான் வர வேண்டும். அங்கே சசிதரன் சார் நிற்கிறார்.

“கையைக் காட்டுங்க.”