மனுவின் பதினான்காம் பத்தி

1

காலை ஐந்தே முக்காலுக்கு ஃபிராங்க்ளின் எழுந்திருக்கிறான். பால் பாக்கெட்டை வெட்டிக் காய்ச்சுகிறான். ஆறேகாலுக்கு மகளை எழுப்புகிறான். அவள் பெயர் ஆஞ்சலா, வயது ஏழு. பல் தேய்க்க வைக்கிறான். இரண்டு தோசை வார்க்கிறான். ஒன்றைத் தின்கிறாள், ஒன்றைத் தட்டில் விடுகிறாள், அதை அவன் தின்கிறான். தலை வாரி இரட்டைச் சடை போடுகிறான். ஏழு நாற்பதுக்கு அடுகோடி சிக்னலில் பள்ளி வேனில் ஏற்றிவிடுகிறான். அதன் பிறகு பொம்மசந்திராவுக்குக் கம்பெனி பஸ்.

இதில் மகளின் பெயர், வயது, பால் பாக்கெட், கம்பெனி பஸ் மட்டுமே உண்மை. மிச்சமெல்லாம் வக்கீல் முனிகிருஷ்ணன் கேட்டதற்காக எழுதியது. "குழந்தையோட தினசரி வாழ்க்கை பத்தி ஒரு பக்கம் உங்க வார்த்தைல எழுதிட்டு வாங்க சார், மனுல சேக்கலாம்" என்றார். ஃபிராங்க்ளின் எழுதிக்கொண்டு போனான். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார்.

"ரெட்டைச் சடை போடத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது சார்."

"அப்ப ஒத்தைச் சடைன்னு மாத்துங்க. குறுக்கு விசாரணைல போட்டுக் காட்டச் சொன்னா?"

"அதுவும் தெரியாது."

"கிராப்பு வெட்டிருக்குன்னு எழுதலாமா?" அவரே கொஞ்சம் யோசித்தார். "பாப்பா எட்டு மாசமா மல்லேஸ்வரத்துல இருக்கு. நீங்க அடுகோடில தோசை ஊத்துறீங்க. இது மனு இல்ல சார், கதை."

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அந்தத் தாள்தான். கொஞ்சம் நீண்டுவிட்டது.

விவரம் இது. ஆஞ்சலாவின் அம்மா பிரிஜெட் டெங்குவில் இறந்து ஒன்பது மாதம் ஆகிறது. குழந்தை இப்போது மல்லேஸ்வரத்தில், பிரிஜெட்டின் அக்காவான பெரியம்மா குளோரியாவின் வீட்டில் இருக்கிறாள். பெரியம்மா திருப்பி அனுப்ப மறுக்கிறாள். அப்பா மகளைக் கேட்டுக் குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போட்டிருக்கிறான். கதை இவ்வளவுதான். அவசரமுள்ளவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

(ஒரு குறிப்பு. மனுவில் 'நான்' என்று எழுதக் கூடாதாம். 'மனுதாரர்' என்றுதான் எழுத வேண்டுமாம். மனுதாரர் வேலை பார்க்கிறார், மனுதாரர் மனைவியை இழந்தார். இரண்டு வாரம் அப்படி எழுதிப் பார்த்ததில் வசதியாக இருந்தது. யாருக்கோ நடந்த மாதிரி இருக்கிறது. அதனால் இந்தக் கதையிலும் 'நான்' வராது. ஃபிராங்க்ளின் யார் என்று உங்களுக்கும் தெரியும், எழுதுபவனுக்கும் தெரியும்.)

2

கிழித்துப் போட்ட தொடக்கங்கள்:

'ஏழு வயதுக் குழந்தை அசையும் சொத்தா, அசையாச் சொத்தா என்று' (கெட்டிக்காரத்தனம். வேண்டாம்.)

'மனைவி இல்லாத வீட்டில் குக்கர் விசில்' (அழ வைக்கப் பார்க்கிறது. மனுதாரருக்கே இதுவரை அழுகை வரவில்லை. தனக்கு வராததை வாசகரிடம் கேட்பது நியாயமில்லை.)

'சிறுவர்களும் குடும்பமும்: அடிக்கடி கேட்கப்படும் சட்டக் கேள்விகள்' (இது தொடக்கமில்லை, ஒரு கையேட்டின் அட்டை. வக்கீல் அறையில் இலவசமாகக் கிடைத்தது.)

அந்தக் கையேட்டில் இருபத்து மூன்று கேள்விகள். கேட்பவர்கள் யாருக்கும் குரல் நடுங்குவதில்லை.

கேள்வி: தாய் இறந்துவிட்டால் குழந்தையின் காப்பாளர் யார்?
பதில்: தந்தை.

இதோடு கையேட்டை மூடியிருக்கலாம். ஃபிராங்க்ளின் அடுத்த கேள்வியையும் படித்தான்.

கேள்வி: தந்தை தானாகவே குழந்தையை வேறொருவரிடம் ஒப்படைத்திருந்தால்?
பதில்: சூழ்நிலையைப் பொறுத்தது.

அதன் பிறகு வருகிற எல்லாக் கேள்விகளுக்கும் ஏறக்குறைய அதுவே பதில். கையேடு எழுதியவர் ஒரு பதிலைக் கண்டுபிடித்துவிட்டு மீதி நாளை நிம்மதியாகக் கழித்திருக்க வேண்டும்.

சூழ்நிலை என்னவென்றால், பிரிஜெட் இறந்த முப்பதாம் நாள் பூசை. பூசை முடிந்து கோயில் ஹாலில் பன்னும் டீயும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். குளோரியா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தம்பி, கொஞ்ச நாளைக்குப் பாப்பா என்கிட்ட இருக்கட்டும். நீ ஷிஃப்ட்டுக்கு ஓடுவியா, அவளப் பாப்பியா? ஆனா லெட்டர் இல்லாம ஸ்கூல்ல என்கூட அனுப்பமாட்டாங்களாம்."

"எழுதித் தரேன் அக்கா."

"நீ எழுத வேணாம், ஜெயராஜ் அண்ணன் ரெடி பண்ணி வெச்சிருக்காரு. கையெழுத்து மட்டும் போடு."

ஜெயராஜ் அந்தக் கோயிலின் பங்குப் பேரவை உறுப்பினர். தொழில், சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே வீட்டுமனைப் பத்திரம் எழுதுவது. இருபது வருடமாக மனை விற்றுக் கொடுத்த கை. பள்ளிக்கு நாலு வரிக் கடிதம் எழுத அந்தக் கைக்குத் தெரியவில்லை. முத்திரைத்தாளில் இப்படி இருந்தது:

'என் மகள் ஆஞ்சலாவை அவளுடைய ஞானத்தாய் குளோரியா வசம் இன்று முதல் முழு மனதுடன் ஒப்படைக்கிறேன். இனி எக்காலத்திலும் நானோ என் வாரிசுகளோ எவ்வித உரிமையும் கோர மாட்டோம்.'

மனுதாரரின் வாரிசு ஒரே ஒருத்தி. ஆக, பத்திரப்படி ஆஞ்சலாவும் ஆஞ்சலா மேல் உரிமை கோர முடியாது.

அவன் படிக்கவில்லை. ஒரு கையில் பன் இருந்தது. இன்னொரு கையால் கையெழுத்துப் போட்டான்.

முனிகிருஷ்ணன் அந்தப் பத்திரத்தை இரண்டு முறை படித்தார். இரண்டாவது முறை ரசித்துப் படித்தார்.

"இது செல்லாது சார். பிள்ளைங்கள பத்திரத்துல எழுதிக்குடுக்க முடியாது."

"அப்ப பிரச்சனை இல்லையே சார்."

"செல்லாது. ஆனா கையெழுத்து உங்களுது. படிக்காமப் போட்டேன்னு சொன்னா, இவரு படிக்காமலே பொண்ணக் குடுக்கிற அப்பன்னு சொல்வாங்க."

"படிச்சுட்டுப் போட்டேன்னு சொன்னா?"

"ஸ்வல்ப இன்னும் மோசம்." கன்னடத்துக் 'கொஞ்சம்' அவர் பேச்சில் இப்படி நடுவில் வந்துவிடும்.

3

இந்த இடத்தில் கதைக்கு ஒரு வில்லி வேண்டும். குளோரியாவை அப்படி எழுத மூன்று நாள் முயன்றாயிற்று.

'குளோரியா இரக்கமற்றவள். அவள்' (நின்றுவிட்டது. பிரிஜெட் ஆஸ்பத்திரியில் கிடந்த ஐந்து நாளும் கஞ்சி கொண்டுவந்தது அவள்தான்.)

'குளோரியாவுக்குப் பணத்தாசை' (கிடையாது. டீச்சர் வேலை, சொந்த வீடு.)

'குளோரியாவுக்குச் சட்டம் தெரியாது' (இது சரி.)

அவள் நீதிமன்றத்தில் முதல் சான்றாகக் கொடுத்தது ஞானஸ்நானச் சான்றிதழ். அதில் ஞானத்தாய் என்ற இடத்தில் அவள் பெயர். மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு சாமியார் முன்னால் பொறுப்பேற்றிருக்கிறாள். இதற்கு மேல் நீதிபதிக்கு என்ன வேண்டும் என்று அவளுக்குப் புரியவில்லை. "இது எந்த செக்ஷன்ல வருதும்மா?" என்று அவள் வக்கீலே கேட்டாராம். "கோயில் ரிஜிஸ்டர்ல வருது" என்று அவள் சொன்னாளாம்.

வில்லித்தனம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் டீயைச் சொல்லலாம். ஃபிராங்க்ளின் ஞாயிற்றுக்கிழமை மகளைப் பார்க்கப் போவான். முன்பெல்லாம் எவர்சில்வர் டம்ளரில் டீ தருவாள். வழக்குப் போட்ட பிறகு பூப் போட்ட கப்பில் தருகிறாள், கீழே சாஸர் வைத்து.

போன ஞாயிறு ஆஞ்சலா ஹாலில் படம் வரைந்துகொண்டிருந்தாள். நிமிராமல் கேட்டாள்.

"டாடி, நீ கேஸ் போட்டிருக்கியா?"

"யாரு சொன்னா?"

"பெரியப்பா போன்ல பேசினாரு. என் மேலயா போட்டிருக்க?"

"உன் மேல இல்ல. உனக்காக."

"ஜெயிச்சா என்ன குடுப்பாங்க?"

"உன்னைத்தான்."

ஆஞ்சலா பென்சிலை வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

"அவ்ளோதானா?"

(குழந்தையின் விருப்பத்தை நீதிமன்றம் கேட்குமா? கையேட்டின் பன்னிரண்டாம் கேள்வி. பதிலை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.)

4

இனி பதினான்காம் பத்தி.

வழக்கு ஒரு பழைய சட்டத்தின் கீழ் நடக்கிறது. வெள்ளைக்காரன் 1890இல் எழுதியது. காப்பாளரை முடிவு செய்யும்போது நீதிபதி பார்க்க வேண்டியவற்றை அது வரிசையாகச் சொல்கிறது. குழந்தையின் வயது, மதம், கேட்பவரின் குணம், உறவின் நெருக்கம். அந்த வரிசையில் ஒன்று, இறந்துபோன பெற்றோரின் விருப்பம், அப்படி ஏதாவது இருந்தால்.

அந்த 'ஏதாவது இருந்தால்' என்பதில் இரண்டு வக்கீல்களும் கூடாரம் அடித்துத் தங்கிவிட்டார்கள்.

குளோரியாவின் பதில் மனுவில் பிரிஜெட் கடைசியாகச் சொன்னது இது: 'அக்கா, என் மகளை உன்னைத் தவிர வேறு யாரிடமும் ஒப்படைக்க எனக்கு மனமில்லை.' பிரிஜெட் உயிரோடிருந்த முப்பத்தொரு வருடத்தில் இவ்வளவு நீளமாக ஒரு வாக்கியத்தை முடித்ததில்லை. பாதியில் சிரித்துவிடுவாள், அல்லது வேறு வேலை ஞாபகம் வந்துவிடும்.

"நாமளும் ஒண்ணு போடணும் சார், பத்தி பதினாலுல" என்றார் முனிகிருஷ்ணன். அவரே ஒன்று வைத்திருந்தார். "'என்னங்க, என் பொண்ண உங்க கையில விட்டுட்டுப் போறேன்.' எப்படி?"

"அவ என்னை என்னங்கன்னு கூப்பிட்டதே இல்ல சார்."

"பின்ன?"

"டேய்."

வக்கீல் பேனாவை மூடினார். "டேய் எல்லாம் மனுல வராது, என்னங்கன்னே இருக்கட்டும். விடுங்க. பொண்ணு நம்ம கைல, அது போதும்."

ஃபிராங்க்ளினும் முயன்று பார்த்தான். கதை எழுதத் தெரிந்த ஆள் என்று வக்கீலே சொல்லியாயிற்று.

'பிரிஜெட் கண் திறந்து, அவன் விரலைப் பற்றி' (ஒரு கையில் ஊசி, மற்ற கையில் ரத்த அழுத்தப் பட்டை. விரலைப் பற்ற வழியில்லை.)

'நம் மகளை' (அவள் 'நம்' சொல்லமாட்டாள். 'உன் மகள்' என்பாள், குழந்தை சுவரில் கிறுக்கியிருந்தால்.)

கடைசியில் வக்கீலின் வாக்கியத்திலேயே கையெழுத்துப் போட்டான். இந்த முறை படித்துவிட்டுத்தான் போட்டான். முன்னேற்றம் என்று சொல்ல வேண்டும்.

5

வாய்தா நாளில் நீதிபதி விடுப்பு. அடுத்த தேதி போட்டுவிட்டார்கள். வக்கீல்கள் இருவரும் ஒன்றாகக் காபிக்குப் போனார்கள். வராந்தா பெஞ்சில் ஃபிராங்க்ளின் இந்தக் கோடி, குளோரியா அந்தக் கோடி. நடுவில் வேறு யாரோ வைத்துவிட்டுப் போன ஃபைல்.

எழுதுபவன் இந்தக் காட்சியை மாற்றி எழுத நினைத்தான். இருவரும் வாய்ச்சண்டை போட்டால் கதை சூடாக இருக்கும். அவர்கள் போடவில்லை.

"அக்கா, அவ அப்படிச் சொல்லல."

"தெரியும்." குளோரியா கைப்பையின் ஜிப்பை மூடித் திறந்தாள். "வக்கீல் எழுதினாரு. நீ எழுதினதையும் படிச்சேன். என்னங்கவா?"

"அதுவும் வக்கீல்தான்."

"என்னங்கன்னு அவ சொல்லிருந்தா, எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கும் பொழைக்கமாட்டான்னு."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. வரக் கூடாத இடம். வாசலில் நின்ற போலீஸ்காரர் திரும்பிப் பார்த்தார்.

உண்மையில், பிரிஜெட்டைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனபோது ஸ்ட்ரெச்சரின் இரண்டு பக்கமும் இவர்கள் இருவரும்தான் நடந்தார்கள். மாலை நாலு மணி. லிஃப்ட் கதவு மூடுவதற்கு முன் அவள் ஃபிராங்க்ளினைப் பார்த்து ஒன்று சொன்னாள். இருவரும் கேட்டார்கள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

"அவ சொன்னத எழுதினா கோர்ட்டுல சிரிப்பாங்க தம்பி."

"சிரிக்கட்டும்."

குளோரியா நடுவில் இருந்த ஃபைலை நேராக வைத்தாள். அது யாருடையது என்று அவளுக்குத் தெரியாது.

"பாப்பாவ நான் விடமாட்டேன். அது வேற" என்றாள். "ஆனா நீ அத எழுதினா, நான் இல்லன்னு சொல்லமாட்டேன்."

6

முடிவு ஒன்று: நீதிபதி அப்பாவிடம் கொடுக்கிறார். ஆஞ்சலா அடுகோடிக்கு வருகிறாள். முதல் வாரம் பெரியம்மாவைக் கேட்டு அழுகிறாள். மனுதாரர் சடை போடப் பழகுகிறார்.

முடிவு இரண்டு: நீதிபதி பெரியம்மாவிடம் விடுகிறார். மனுதாரருக்கு மாதம் இரண்டு ஞாயிறு. பூப் போட்ட கப்.

முடிவு மூன்று: நீதிபதி மாறுகிறார். புதியவர் முதலிலிருந்து தொடங்குகிறார். ஆஞ்சலாவுக்குப் பதினெட்டு ஆகிறது. வழக்கு அவள் முன்னிலையில் காலாவதியாகிறது. (இதுதான் அதிகம் நடக்கும் என்றார் முனிகிருஷ்ணன்.)

எழுதுபவன் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாய்தா ஜூலையில். அதற்குள் பதினான்காம் பத்தியைத் திருத்தித் தாக்கல் செய்ய வேண்டும். ஃபிராங்க்ளின் வக்கீலின் வாக்கியத்தை அடித்துவிட்டு, கீழே அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு போனான்.

முனிகிருஷ்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார்.

"இதுக்கு அந்தப் பக்கத்து வக்கீல் என்ன சொல்வாரு தெரியுமா? பாருங்க, பெத்தவளுக்கே இவர் மேல நம்பிக்கை இல்லன்னு சொல்வாரு."

"நீங்க என்ன சொல்வீங்க சார்?"

"பாருங்க, யாரு பாத்துக்கணும்னு அந்தம்மா முடிவு பண்ணிட்டாங்கன்னு சொல்வேன்." கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டும் நிக்கும். ஜட்ஜ் எந்தப் பக்கம் சாய்வாருன்னு எனக்குத் தெரியல. பொய்யே இருக்கட்டுமா? அதுல ரிஸ்க் கம்மி."

"இதையே போடுங்க சார்."

அவர் போட்டார். ஆகவே தீர்ப்பு எழுதுபவனிடம் இல்லை. ஜூலை வரைக்கும் நீதிபதியிடமும் இல்லை. இடைப்பட்ட காலத்துக்கு உங்களிடம் விடப்படுகிறது. சாட்சிகள் இருவர், இருவரும் மறுக்கவில்லை. ஸ்ட்ரெச்சர் லிஃப்டுக்குள் போய்விட்டது. வார்டு பையன் பொத்தானை அழுத்திவிட்டான். பிரிஜெட் ஆக்ஸிஜன் முகமூடியை ஒரு பக்கம் விலக்கி, மனுதாரரைப் பார்த்து, கடைசியாகச் சொன்னது:

"நாளைக்கு அவளுக்குக் கலர் டிரெஸ். மறந்துட்டு யூனிஃபார்ம் போட்டு அனுப்பிச்சிடாத."