முதல் கிளிக்

ஒரு சென்சார் கோளாறுக்கு ‘ஹை வோல்டேஜ்’ என்று பெயர் வைத்தவன் மட்டும் என் கையில் கிடைத்தால் ஸ்பேனரால் ஒன்று போடுவேன். காரில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் கொடுப்பதே ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. டார்ச் லைட் பேட்டரி அதைவிடப் பெரிய ஆள். புகைக் குழாயில் உட்கார்ந்துகொண்டு, எஞ்சினுக்குப் பெட்ரோல் அதிகமா குறைவா என்று சொல்வதுதான் அதன் வேலை. அதிகம் என்றால் 0.9, குறைவு என்றால் 0.1. நல்ல எஞ்சினில் இரண்டுக்கும் நடுவே ஊஞ்சலாடிக்கொண்டே இருக்கும். மேலேயே நின்றுவிட்டால் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். அவ்வளவுதான் சங்கதி.

என் மாமியார் காரில் அந்த விளக்கு முதலில் எரிந்தபோது, கோளாறைக் காட்டும் ஸ்கேனர் சென்சாரின் பெயரைச் சொன்னது, நான் சென்சாரையே மாற்றினேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. சேதி கொண்டுவந்தவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேறொருவனை உட்காரவைத்தேன். மூன்றாம் வாரம் அவனும் அதே சேதியைச் சொன்னான்.

இரண்டாம் தடவை மச்சானும் ஒர்க்‌ஷாப்புக்கு வந்துவிட்டார். என் மனைவியின் அண்ணன். ஸ்கேனரில் இருந்த இரண்டு வார்த்தையைப் படித்துவிட்டுப் பிடித்துக்கொண்டார்.

“ஹை வோல்டேஜாம். அம்மாவுக்கு ஷாக் அடிச்சா யாரு பதில் சொல்றது?”

“மச்சான், இதுல எறும்புக்குக்கூட ஷாக் அடிக்காது.”

“பத்து வருஷமா இதே வேலைங்கற. ஒரு விளக்கை அணைக்கத் தெரியல. இன்னொரு தடவை எரிஞ்சா வண்டியை வித்துடுவேன் மாப்ள.”

எனக்குச் சுருக்கென்று குத்தியது. அத்தை, அதாவது என் மாமியார், காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ஐம்பத்தெட்டு வயதில், மூன்று தடவை தோற்று நான்காம் தடவை லைசென்ஸ் வாங்கியவர் அவர். மாமா போன பிறகு கடைக்குப் போகக்கூட மகனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். இந்தச் சின்ன நீலக் கார் வந்த பிறகுதான் நூலகத்துக்கும் சிநேகிதி வீட்டுக்கும் யாரையும் கேட்காமல் போய்வருகிறார். மச்சான் நகர்ந்ததும் என் பக்கத்தில் வந்தார்.

“வண்டியை விட்டுடாதீங்க மாப்பிள்ளை.”

அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை. ஒன்பது வருடமாக எனக்கு அள்ளி அள்ளிப் போட்ட கை அது. அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ‘போதும்’ என்ற சொல்லுக்கு மதிப்பே கிடையாது. முதல் கரண்டிக்கே மரியாதைக்குப் ‘போதும் அத்தை’ என்பேன். அதற்குப் பிறகு மூன்று கரண்டி விழும். அதைத்தான் நான் எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பேன்.

இரண்டு நாள் அந்தக் காரோடு மல்லுக்கட்டினேன். சென்சார் ஒயர் எங்கேயாவது உரசிப் பக்கத்து ஒயரின் கரன்ட் அதில் ஏறுகிறதா என்று அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். இல்லை. பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒழுகுகிறதா என்று பார்த்தேன். இல்லவே இல்லை. ஸ்கேனரால் கோளாறுப் பதிவை அழித்து விளக்கை அணைத்துவிட்டு, சாமி மேல் பாரத்தைப் போட்டு வண்டியைக் கொடுத்தேன்.

பதினெட்டாம் நாள் அத்தை தனியாக வந்தார். விளக்கு இருக்கும் இடத்தில், ஆப்பிள் பழத்தில் ஒட்டிவரும் ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது.

“பையன் கண்ணுல பட்டுடக் கூடாதுன்னுதான்” என்றார்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. “எப்போ எரிஞ்சுது அத்தை?”

“காலையில பெட்ரோல் போட்டுட்டு வரும்போது.”

“போன தடவை?”

யோசித்தார். “அதுவும் பெட்ரோல் போட்ட அன்னிக்குத்தான்.”

மண்டையில் உறைத்தது. மறுபடி கோளாறுப் பதிவை அழித்து, அடுத்த தடவை பெட்ரோல் போடும்போது என்னையும் கூட்டிப்போகச் சொன்னேன். இரண்டரை வாரம் கழித்து ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனேன்.

பங்க்கில் இறங்கி, பங்க் ஆளை விலக்கிவிட்டு அவரே குழாயைச் செருகினார். டேங்க் நிறைந்தது. கிளிக். குழாய் தானாக நின்றது. ஊரில் உள்ளவன் எல்லாம் அத்தோடு மூடியைப் போடுவான். அத்தை குழாயைக் கொஞ்சம் மேலே தூக்கி மறுபடி அழுத்தினார். கிளிக். இடுப்பால் காரை ஒரு ஆட்டு ஆட்டினார். கிளிக். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். ஆறு கிளிக்.

பத்து நிமிடம் ஓடியதும் ஸ்கேனரில் எண் 0.9-க்கு ஏறி அங்கேயே குந்திக்கொண்டது. ஓரமாக நிறுத்தச் சொல்லி பானெட்டைத் திறந்தேன். எஞ்சினுக்குப் போகும் ஒரு மெல்லிய ரப்பர் குழாயை இடுக்கியால் நசுக்கினேன். எண் சரசரவென்று இறங்கி ஆட ஆரம்பித்தது. விட்டேன், ஏறியது. நசுக்கினேன், இறங்கியது.

அந்தக் குழாயின் மறுமுனையில் ஒரு கரி டப்பா இருக்கிறது. டேங்கில் எழும் ஆவியைப் பிடித்துவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக எஞ்சினுக்குக் கொடுக்கும். டேங்கைத் தளும்பத் தளும்ப நிரப்பினால் ஆவி போகும் வழியில் பெட்ரோலே போய் டப்பா ஊறிவிடும். எஞ்சினுக்குப் பெட்ரோல் அதிகமாகித் திணறும். பாவம், சென்சார் முதல் நாளிலிருந்து உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது.

டப்பாவை மாற்றிவிடலாம். அத்தையின் கையை எப்படி மாற்றுவது?

“அத்தை, கிளிக்னு சத்தம் வந்தா, வண்டி போதும்னு சொல்லுதுன்னு அர்த்தம்.”

“போதும்னு எல்லாரும்தான் சொல்லுவாங்க மாப்பிள்ளை. அதுக்காக விட்டுடறதா? நீங்களே முதல் கரண்டிக்குப் போதும்பீங்க. அப்புறம் மூணு கரண்டி சாப்பிடுவீங்களே.”

வசமாக மாட்டிக்கொண்டேன். இந்தப் பக்கம் என் வயிறு, அந்தப் பக்கம் அவருடைய கார். பொய் சொன்னேன்.

“இல்ல அத்தை. நான் போதும்னு சொன்னா, நிஜமாவே போதும்.”

அவர் முகம் வாடிவிட்டது. “அப்போ இத்தனை வருஷமா கஷ்டப்பட்டா சாப்பிட்டீங்க?”

“ஆமா அத்தை” என்றேன். என் வாழ்நாளில் சொன்ன பொய்களில் அதுதான் மகா பாவம்.

ஸ்டீயரிங்கைத் தடவிக்கொடுத்தார். “அதுவும் உங்களை மாதிரிதான் வாயில்லாத ஜீவன். இனிமே முதல் சத்தத்துலயே நிறுத்திடறேன்” என்றார்.

நிறுத்தினார். நானும் புது டப்பா போட்டேன். இரண்டு மாதம் விளக்கு எரியவில்லை. மச்சான் தினமும் டாஷ்போர்டை எட்டிப் பார்த்து அலுத்துப்போய், வண்டியை விற்கும் பேச்சையே விட்டுவிட்டார். அந்தச் சந்தோஷத்தில் அத்தை எங்களை ஒரு நாள் மதியம் சாப்பிடக் கூப்பிட்டார்.

காலையிலிருந்து நான் பச்சைத் தண்ணீரோடு இருந்தேன். முதல் கரண்டி விழுந்தது. ஒன்பது வருடப் பழக்கம், நாக்கு என்னைக் கேட்காமலே முந்திக்கொண்டது.

“போதும் அத்தை.”

கரண்டி அந்தரத்தில் நின்றது. பிறகு அப்படியே திரும்பி மச்சானின் தட்டுக்குப் போனது. ஒன்று, இரண்டு, மூன்று. தவளை தன் வாயால் கெடும்.

சாயங்காலம் அத்தையே என்னை ஒர்க்‌ஷாப்பில் விட வந்தார். பாதி வழியில் திடீரென்று வேகத்தைக் குறைத்துக் காதைத் தீட்டிக்கொண்டார்.

“மாப்பிள்ளை, கொர்ருனு ஒரு சத்தம் வருதே. வண்டியிலயா?”

வயிற்றை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டேன்.

“இல்ல அத்தை. வண்டி நல்லா இருக்கு.”