சந்தனப் பொட்டு வைத்த ரைபிள்

அடையாற்றுப் பக்கம் முகாம் போட்டிருந்த ஓர் ஆயுதப்படைக் கம்பெனியில், தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. கம்பெனியின் பெயரைச் சொல்லி யாருக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஆயுத டிப்போவிலிருந்து ஐந்து ரைபிள்கள் வந்து இறங்கின. ரைபிள்கள் பழையவைதான். உள்ளே இருந்த போல்ட் கேரியர் மட்டும் புதிது. சுட்டவுடன் பின்னால் ஓடி, காலிக் கூட்டை வெளியே துப்பிவிட்டு, திரும்ப முன்னால் ஓடி வந்து அடுத்த குண்டை ஊட்டுகிற இரும்புத் துண்டு அது. வழக்கமாகக் கறுப்பாக இருக்கும். இந்த ஐந்திலும் அதன்மேல் வெள்ளையாகப் பளபளவென்று ஒரு பூச்சு பூசியிருந்தார்கள். துருப்பிடிக்காது, தேயாது, கரி ஒட்டாது என்று டிப்போக்காரர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

கம்பெனிக்குப் பொறுப்பான அதிகாரி அனந்தராமன் மயிலாப்பூர்க்காரர். எதையும் படித்துவிட்டுத்தான் பேசுவார், பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். அந்தச் சமயம் அவர் வீட்டில் தி. நகரிலிருந்து ஒட்டாத தோசைத் தவா ஒன்று வாங்கியிருந்தார்கள். காலை அணிவகுப்பில் அதைத்தான் உதாரணமாக எடுத்துக்கொண்டார். பூச்சுள்ள தவாவுக்கு எண்ணெய் எதற்கு, சுரண்டல் எதற்கு? எண்ணெய் விட்டால் தூசி ஒட்டும், தூசிதான் எதிரி. ஆகவே இந்த ஐந்து ரைபிள்களின் கேரியருக்கும் ஒரு சொட்டு எண்ணெய்கூடக் கூடாது, உலர்ந்த துணியால் துடைத்தால் போதும் என்று உத்தரவு போட்டார். எல்லோரும் விறைப்பாக நின்று கேட்டுக்கொண்டார்கள்.

அந்த ஐந்து ரைபிள்களும் ஐந்து பெண் காவலர்களுக்குப் போயின. காவல்துறைத் துப்பாக்கிச் சுடும் போட்டிக்குக் கம்பெனியிலிருந்து இரண்டு பெண்களை அனுப்ப வேண்டும், அந்த ஐவரில் இருந்துதான் தேர்வு. வேறு சமயமாக இருந்தால் இதற்கு யாரும் அலட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆனால் கம்பெனி முழுவதும் பந்தோபஸ்துக்குத் தெற்கே போவதென்று முடிவாகியிருந்தது. எப்போது திரும்பும் என்பது போகிறவர்களுக்கும் தெரியாது, அனுப்புகிறவர்களுக்கும் தெரியாது. தேர்வாகிற இருவர் மட்டும் பயிற்சிக்காகச் சென்னையிலேயே தங்கலாம்.

ஐவரில் ஒருத்தி தேவானை. வீடு சிந்தாதிரிப்பேட்டையில், கூவத்தை ஒட்டிய குடிசைப் பகுதியில். புருஷன் அம்மாசி மீன்பாடி வண்டி ஓட்டுகிறவன், விடிவதற்கு முன்னால் கிளம்பிவிடுவான். மகள் ஷீலாவுக்கு ஒன்றரை வயது. பகலில் பக்கத்து வீட்டு ஹாஜிரா பீ பார்த்துக்கொள்வாள், அதில் குறையில்லை. சாயங்காலம் ஆனால்தான் வம்பு. அந்தக் குழந்தை அம்மாவின் பின்னலைக் கைக்குள் பிடித்துக்கொண்டால்தான் தூங்கும். முன்பொரு தடவை தேவானை வெளியூர் டியூட்டிக்குப் போய்விட்டு வந்தபோது, அழுது அழுது காய்ச்சல் கண்டு, எழும்பூர் ஆஸ்பத்திரியில் கிடந்தது ஷீலா. அம்மாசி தேவானையைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

பிடித்து இழுக்கிற கையில் முடி சிக்காமல் இருக்க, தேவானை தலைக்குத் தேங்காயெண்ணெயை வஞ்சனையில்லாமல் வைப்பாள். கொண்டை போட்டுத் தொப்பி வைத்தால் தொப்பியின் விளிம்பே ஊறிப்போயிருக்கும். கூட இருந்தவர்கள் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போவாள்.

அனந்தராமனின் உத்தரவு வந்தபோது மற்ற நான்கு பெண்களும் நன்றாகத் தலையாட்டினார்கள். ஆட்டிவிட்டு, பழைய பழக்கப்படி கேரியரின் இரண்டு ஓரத்திலும் எண்ணெய் தொட்டு வைத்துக்கொண்டார்கள். உத்தியோகத்தில் கொஞ்ச வருஷம் இருந்தவர்களுக்கு உத்தரவை எங்கே கேட்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று தெரியும். தேவானைக்கும் தெரியும். ஆனால் தேர்வு முடியும்வரை தன்மேல் ஒரு சின்னக் குற்றமும் வந்துவிடக் கூடாது என்று பயந்தாள். அதனால் ஐந்து ரைபிள்களில் அவளுடையது ஒன்றுதான் உண்மையிலேயே உலர்ந்து கிடந்தது.

தேர்வை விஜயதசமியன்று காலையில் வைத்தார் அனந்தராமன். ஜெயிக்கிற நாள், நல்ல நாள். முதல் நாள் ஆயுத பூஜை. பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்று தொடக் கூடாது, மறுநாள் காலையில் கற்பூரம் காட்டிவிட்டு எடுத்து, எடுத்த கையோடு உபயோகிக்க வேண்டும். அதனால் பூஜை போட்ட இடத்திலேயே எடுத்து, நேராகச் சுடுதளத்துக்குப் போய், வைத்த பொட்டோடு சுடுவது என்று ஏற்பாடு. கேட்டவர்களுக்கெல்லாம் இது ரொம்பப் பொருத்தமாகப் பட்டது.

கோத் என்று அவர்கள் சொல்லும் ஆயுதக் கிடங்கில் பூஜையை ஒவ்வொரு வருஷமும் நடத்துகிறவர் ஏட்டு லாரன்ஸ். ஆயுதங்களைப் பழுது பார்ப்பதும் அவர்தான். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். ஆனால் பூஜைக்கு வாழைக்கன்று கட்டுவதிலிருந்து பொரி கலப்பதுவரை யாரையும் கிட்டே விடமாட்டார். கட்டையில் உரைத்த சந்தனம்தான் வேண்டும் என்பார், கடையில் விற்கிற பொடியைக் குழைத்தால் கோபித்துக்கொள்வார். வழக்கமாக ரைபிளின் கட்டையில் ஒரு பொட்டு, குண்டு அடைக்கிற மேகஸினில் ஒரு பொட்டு. அந்த வருஷம் காலிக்கூடு வெளியே வருகிற திறப்பின் வழியாக வெள்ளைப் பூச்சு கண்ணைப் பறித்தது. சுத்தமாகத் துடைத்த நெற்றி மாதிரி இருந்ததை வெறுமனே விட அவருக்கு மனசு வரவில்லை. ஐந்து கேரியரிலும் தாராளமாகச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். தேவானையின் ரைபிளில் கொஞ்சம் கூடவே வைத்தார். அந்தப் பெண் ஜெயிக்கட்டும் என்று நினைத்துத்தான் வைத்தார்.

கற்பூரம் காட்டி, எல்லோரும் சுண்டலோடு கலைந்த பிறகு தேவானை கிடங்கு வாசலுக்கு வந்தாள். சந்தனத்தின் ஈரம் வழிந்து கேரியரின் ஓரத்துக்குள் இறங்குவதை அவள் பார்த்திருந்தாள். அங்கே எண்ணெயும் கிடையாது, காய்ந்தால் பிடித்துக்கொள்ளும். உள்ளே இருப்பதை மட்டும் துடைத்துவிடுங்கள் என்று லாரன்ஸிடம் கேட்டாள்.

லாரன்ஸ் கிடங்கைப் பூட்டிச் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டார்.

“பொட்டு வச்சதே நான்தாம்மா. அத்த நானே தொடச்சேன்னு வையி, நாளைக்கு இன்னா சொல்வாங்க? வேதக்காரன் பூஜைய அழிச்சிட்டான்னு சொல்வாங்க. இத்தினி வருசமா அந்தப் பேரு வராம காப்பாத்திக்கினு கீறேன்.”

தேவானை திரும்பி நடந்தாள். அவர் சொன்னதில் பொய் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அதே சமயம் அவர்மேல் ஆத்திரமாகவும் இருந்தது. பேருந்தில் வீடு போகும்வரை இரண்டும் சேர்ந்தே இருந்தன.

மறுநாள் சுடுதளத்தில் முதல் சுற்றுகள் நிதானமானவை. ஒவ்வொரு குண்டுக்கும் வேண்டிய நேரம் எடுத்துக்கொள்ளலாம். தேவானை நன்றாகவே சுட்டாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் கேரியர் முன்னால் வருவதற்கு ஒரு கணம் யோசிப்பதை அவளால் உணர முடிந்தது. கடைசிச் சுற்று வேகமாகச் சுடுவது. ஒரு நிமிஷம், பத்துக் குண்டு. மூன்றாவது குண்டுக்குப் பிறகு கேரியர் பாதி வழியில் நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, விசையை அழுத்தினால் சத்தமும் இல்லை.

கையைத் தூக்கினால் லாரன்ஸ் ஓடி வருவார், கழற்றிச் சரிசெய்து கொடுப்பார். அதற்குள் நிமிஷம் போய்விடும். தேவானை குழாயை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு மேகஸினைக் கழற்றினாள், கைப்பிடியை இழுத்து உள்ளே மாட்டியிருந்த குண்டை வெளியே தள்ளினாள். திறப்புக்குள் பார்த்தாள். சந்தனமும் கரியும் குழைந்து அப்பிக்கொண்டிருந்தன. இடது கையைத் தொப்பிக்குள் விட்டாள். கொண்டையில் விரல்களை அழுத்தித் தேய்த்து எடுத்து, கேரியரின் ஓரத்தில் பூசினாள். மறுபடியும் கை தொப்பிக்குள் போயிற்று, மறுபடியும் பூசினாள். கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டினாள். கேரியர் வழுக்கிக்கொண்டு போய் மூடியது. மேகஸினைப் போட்டு மிச்சக் குண்டுகளைச் சுட்டு முடித்தபோதுதான் விசில் ஊதினார்கள்.

இரும்பு சூடாக இருந்ததால் வாசனை கிளம்பிவிட்டது. பாண்டி பஜாரில் நேந்திரங்காய் வறுவல் கடையைத் தாண்டும்போது வருமே, அந்த வாசனை. வரிசையில் படுத்திருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். அனந்தராமன் வாசனை வந்த திசையில் நேராக நடந்து வந்தார்.

இலக்குகளை எண்ணியதில் தேவானைக்கு இரண்டாம் இடம். ஆனால் கிடங்கில் கொடுக்கிற எண்ணெயைத் தவிர வேறு எதைப் பூசினாலும் ஆயுதத்தைக் கெடுத்ததாக அர்த்தம், அந்தச் சுற்று செல்லாது. அனந்தராமனுக்கு விதிகள் மனப்பாடம். என்ன பூசினாய் என்று கேட்டார்.

தேவானை அட்டென்ஷனில் நின்றாள். மறைக்க அவளுக்குத் தோன்றவில்லை, தோன்றியிருந்தாலும் வாசனையை எங்கே மறைப்பது?

“எண்ணெ வேணாம்னு சொன்னீங்க, ஒரு சொட்டுகூட வெக்கல ஐயா. மாட்டிக்கிச்சு. தலையிலேர்ந்து எடுத்துத் தடவுனேன்.”

மற்ற நான்கு பெண்களும் தரையைப் பார்த்தார்கள். ஒரு சொட்டுகூட வைக்காதது அவள் மட்டும்தான் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் தாங்கள் வைத்ததையும் சொல்ல வேண்டிவரும். பின்னால் நின்ற லாரன்ஸ்தான் முன்னால் வந்தார்.

“ஐயா, அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. கேரியர்ல சந்தனம் வச்சது நான். நேத்தே தொடைக்கச் சொல்லிச்சு, நான்தான் மாட்டேன்னுட்டேன்.”

ஏன் மாட்டேன் என்றார் என்று அனந்தராமன் கேட்கவில்லை. அது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். ரைபிளை வாங்கினார். திறப்புக்குள் விரலை விட்டு எடுத்து, மஞ்சளும் சிவப்பும் கறுப்பும் கலந்து பிசுபிசுத்ததை உற்றுப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

“எங்காத்துல அந்தத் தவாவுல இப்பவும் எண்ணெய் விட்டுண்டுதான் தோசை வாக்கறா,” என்றார் கடைசியில். “சுற்று செல்லும்.”

அவ்வளவுதான். எண்ணெய் கூடாது என்ற உத்தரவை அவர் திரும்பப் பெறவில்லை, அதைப் பற்றி அப்புறம் பேசவும் இல்லை. அன்று மத்தியானம் மெஸ்ஸில் யாரோ ஒருவர், வேதக்காரன் கையால் வைத்த பொட்டு, மாட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும் என்று சொல்லிச் சிரித்தாராம். லாரன்ஸ் சோற்றில் மோர் ஊற்றிக்கொண்டு, காதில் விழாதவர் மாதிரி சாப்பிட்டு முடித்தார். இத்தனை வருஷம் காப்பாற்றியது அன்றைக்குப் போய்விட்டது. அடுத்த நாள் காலையில் ஐந்து கேரியரையும் கழற்றி, அவரே ஒவ்வொன்றாகத் துடைத்து, ஓரங்களில் எண்ணெய் தொட்டு வைத்தார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

தேர்வு முடிந்த அன்று சாயங்காலம் தேவானை வீடு வந்து சேர்ந்தாள். கம்பெனி கிளம்புகிறது, தான் போகவில்லை என்று அம்மாசியிடம் சொன்னாள். அவன் வண்டிச் சங்கிலியைத் துடைத்துக்கொண்டே சரி என்றான். சந்தோஷம் தெரிந்துவிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னான்.

குளிக்கக்கூட இல்லாமல் குழந்தையின் பக்கத்தில் படுத்தாள். ஷீலா தடவிப் பார்த்துக் கொண்டையைக் கண்டுபிடித்தது, தேவானை அவிழ்த்துக் கொடுத்தாள். பின்னல் முழுக்கத் துப்பாக்கிக் கரி. குழந்தை இறுகப் பிடித்துக்கொண்டது, கொஞ்ச நேரத்தில் தூங்கியும் விட்டது. பிடி தளர்ந்தபோது பார்த்தாள். உள்ளங்கை ரேகையெல்லாம் கறுப்பாக இருந்தது. எழுந்து கழுவிவிடலாம்தான். எழுந்தால் பின்னலை உருவ வேண்டும். தேவானை எழுந்திருக்கவில்லை.