கோட்டைத் தாண்டிய இறக்கை

விமானம் பறக்கலாம் என்று டெல்லியிலிருந்து அனுமதி வந்துவிட்டது. மேற்கு வீட்டிலிருந்துதான் வரவில்லை.

மேற்கு வீடு சாவித்திரியின் தம்பி துரைராசுவினுடையது. திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் அப்பா விட்டுப்போன ரைஸ்மில் களத்தை அக்காளும் தம்பியும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டபோது, நடுவில் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுத்தார்கள். மேற்குப் பாதியில் துரைராசு நெல் காயவைத்தான். கிழக்குப் பாதியில் சாவித்திரி விமானம் கட்டினாள்.

அவள் பெங்களூரில் விமானம் பழுதுபார்க்கும் பட்டறையில் ஃபைபர் வேலை பார்த்தவள். அங்கேயே சின்ன விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டாள். வேலையை விட்டு ஊருக்கு வந்ததும் தார்ப்பாய்ப் பந்தல் ஒன்றைப் போட்டு, ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய விமானத்தை ரிவெட் ரிவெட்டாக அடித்துச் சேர்த்தாள். நான்கு வருடம் ஒரு வம்பும் இல்லை. கடைசியில் இறக்கை நுனிகளை மாட்டியபோதுதான் வந்தது வினை. கிழக்கே நெல் ஊறவைக்கும் தொட்டி. அதில் வலது இறக்கை இடிக்காமல் விமானத்தை நகர்த்தி நிறுத்தினால், இடது இறக்கையின் நுனி மஞ்சள் கோட்டைத் தாண்டி ஒரு முழம் மேற்கே போய் நின்றது. கோணலாக நிறுத்திப் பார்த்தாள். வால் தாண்டியது.

துரைராசு ஒரு தூக்குக்குண்டோடு வந்தான். நுனியில் நூலைக் கட்டித் தொங்கவிட்டான். குண்டு அவன் நெல்லின் மேல் ஆடிக்கொண்டு நின்றது.

"அக்கா, இங்க பாருங்க. இது யாரு இடம்?"

கோபம் வந்தால் மட்டும் அவன் அக்காளை 'நீங்க' என்பான்.

"தரையில எதுவும் படலியேடா. ஆகாசத்துலதானே நிக்குது?"

"பட்டா ஆகாசத்துக்கும் சேத்துத்தான்."

சர்வேயர் அறிவுச்செல்வனை அவனே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். சர்வேயர் விமானத்தை இரண்டு முறை சுற்றிவந்தார். டேப்பைப் பிடித்து அளந்தார். ரொம்ப நேரம் யோசித்தார்.

"ரூல்ல இறக்கைன்னு எதுவும் இல்லீங்க. பக்கத்து மனைக்குள்ள நீட்டிக்கிட்டிருக்கிற மரக்கிளைன்னு வேணா எடுத்துக்கலாம்."

"கிளைன்னா வெட்டலாம்ல?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் துரைராசு உள்ளே போய் ரம்பத்தோடு வந்தான்.

சாவித்திரி கையை விரித்துக்கொண்டு இறக்கைக்கு முன்னால் போய் நின்றாள். "வெட்டாதடா! திருகாணிதான், கழட்டிடலாம்!"

உண்மையில் அவளிடம் நான்கு ஜோடி நுனிகள் இருந்தன. இறக்கைக்கு அடியிலிருக்கும் காற்று ஓரம் வழியாக நழுவி மேலே ஏறிச் சுழன்றுவிடும். அந்தச் சுழலைக் குறைப்பதற்குத்தான் நுனிக்கு விதவிதமான வடிவம். எது நல்லது என்று முடிவுக்கு வர முடியாமல், ஃபோமில் செதுக்கி மேலே ஃபைபர் ஒட்டி நான்கையும் செய்துவைத்திருந்தாள். அப்போது மாட்டியிருந்தது அடிப்பக்கம் சரிவாகச் சீவிய நுனி. அதைக் கழற்றிவிட்டு மொட்டையாக வெட்டிய நுனியை மாட்டினாள். கோட்டுக்கு உள்ளே அடங்கிவிட்டது.

அத்தோடு அவள் சும்மா இருந்திருக்கலாம். மனசு கேட்காமல் தம்பியிடம் சொன்னாள். "இறக்கை குட்டையாயிடுச்சு. அதனால கிளம்புறதுக்கு இன்னும் கொஞ்ச தூரம் ஓடணும்."

"எங்க ஓடும்?"

அவளுடைய ஓடுபாதை அறுவடை முடிந்த அவள் வயல். அதன் கடைசியில் வரப்பு. வரப்புக்கு அந்தப்பக்கம் துரைராசுவின் உளுந்து.

"வரப்பை வெட்டிவிட்டா, உன் உளுந்துல ஒரு பத்தடி…"

"களத்துல வராதீங்கன்னா வயல்ல வர்றீங்களா!"

மூன்றாவதாக, மேல்நோக்கி மடித்த நுனியை மாட்டினாள். அகலமும் கூடவில்லை, ஓட்டமும் அவ்வளவாகக் கூடவில்லை. தூக்குக்குண்டு கோட்டுக்குக் கிழக்கேயே தொங்கியது. இரண்டாம் முறை வந்த சர்வேயருக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஆனால் மறுநாள் காலை பந்தலின் தார்ப்பாயைச் சுருட்டியதும், நிமிர்ந்து நின்ற நுனியின் நிழல் கோட்டைத் தாண்டித் துரைராசுவின் நெல்லின் மேல் விழுந்தது.

"நிழல்ல நெல்லு எப்படிக் காயும்?"

சர்வேயர் மூன்றாம் முறையும் வந்தார். நிழலை அளந்தார். எழுதி முடிப்பதற்குள் அது நகர்ந்துவிட்டது. மறுபடி அளந்தார், மறுபடி நகர்ந்தது. கடைசியில் டேப்பைச் சுருட்டிவிட்டு, "காலையில ஆக்கிரமிப்பு இருக்குங்க. மத்தியானம் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு மோர் வாங்கிக் குடித்தார்.

சாவித்திரிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்தது. எஞ்சின் இரைகிறது, காகிதங்கள் எல்லாம் சரி, ஒரு முழ நுனிக்காகப் பூமியை விட்டு எழும்ப முடியவில்லை. நான்கு ஜோடி நுனிகளையும் தள்ளுவண்டியில் போட்டுத் தள்ளிக்கொண்டு போய்த் தம்பி வீட்டு ஹாலில் இறக்கினாள்.

"எது வேணும்னு நீயே சொல்லு. அதை மாட்டுறேன். அப்புறம் வாயத் தொறக்கக் கூடாது."

துரைராசு அதை நீதிபதி பதவி கிடைத்ததுபோல எடுத்துக்கொண்டான். நுனிகள் டி.வி.க்கு முன்னால் வரிசையாக நின்றன. சாப்பிடும்போது அவற்றைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். தடவிப் பார்த்தான். டேபிள் ஃபேனுக்கு முன்னால் வைத்து ஊதுபத்திப் புகை எப்படிப் போகிறது என்று பார்த்தான். அதுவும் போதாமல், மனைவி காளியம்மாளை பைக்கின் பின்னால் உட்காரவைத்து, கைக்கொரு நுனியாகக் கொடுத்து, இரண்டு கையையும் விரித்துப் பிடிக்கச் சொல்லி மன்னார்குடி ரோட்டில் விரட்டினான். எதிரே வந்த டவுன் பஸ் ஓரங்கட்டி வழிவிட்டது.

"எந்தக் கை தூக்குது?"

"ரெண்டும் நோவுதுங்க!"

ஜோடி மாற்றி மாற்றி ஓட்டினான். நாலாவது நாள் கீழ்நோக்கி வளைந்த நுனியைக் குழந்தையை ஏந்துவதுபோல ஏந்திக்கொண்டு அக்காளிடம் வந்தான்.

"இதான்க்கா. இதைப் பிடிச்சப்பத்தான் இவளுக்குக் கை நோவலையாம். என்ன அழகா குனியுது பாரு!"

சாவித்திரி தலையில் கை வைத்துக்கொண்டாள். "டேய், நாலுலயும் இதுதான்டா நீளம். கோட்டை ரெண்டு முழம் தாண்டும்."

துரைராசு நுனியைப் பார்த்தான். கோட்டைப் பார்த்தான். அவன் முகத்தில் இப்படியொரு வேதனையை, பாகப்பிரிவினை நடந்த அன்றைக்குக்கூட அவள் பார்த்ததில்லை.

"அதுக்காக நல்ல நுனியை விட்டுட முடியுமா?"

"அப்ப கோடு?"

"கோடு என்னக்கா கோடு, நாம போட்டதுதானே. வளைச்சுட்டாப் போச்சு."

சர்வேயர் நான்காம் முறை வந்தார். இறக்கை நுனியைச் சுற்றிக் கோடு மேற்கே வயிறு தள்ளி வளைந்தது. அதற்கு ஈடாகக் களத்தின் வடகோடியில் அதே அளவு வயிறு கிழக்கே தள்ளியது. பெயிண்ட் அடித்தது துரைராசுவேதான். "பாம்பு இரை முழுங்கினாப்ல இருக்கு" என்றாள் காளியம்மாள்.

மாசி மாதத்தில் ஒரு விடிகாலை, காற்று அடங்கியிருந்தபோது சாவித்திரி எஞ்சினைக் கிளப்பினாள். வயலின் அறுத்த தாள்கள் சக்கரத்தில் நொறுங்கின. வரப்பு வேகமாக நெருங்கியது. அது வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே சக்கரங்கள் மண்ணை விட்டு எழும்பின. உளுந்துச் செடிகள் சிலிர்த்து அடங்கின. கீழே வாய்க்கால்கள் வெள்ளிக் கம்பியாகப் பிரிந்து பிரிந்து போயின. தெற்கே கடல் ஒரு பழுப்புக் கீற்றாகத் தெரிந்தது. வாய்விட்டு என்னவோ கத்தினாள். எஞ்சின் சத்தத்தில் அவளுக்கே கேட்கவில்லை. இடதுபுறம் திரும்பி, வலதுபுறம் திரும்பி, மெதுவாகவும் வேகமாகவும் ஓட்டிப் பார்த்தாள். விமானம் சொன்னபடி கேட்டது. நுனியால் விசேஷமாக எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை.

இறங்கி நின்றதும் துரைராசு மூச்சிரைக்க ஓடிவந்தான். அக்காளைத் தாண்டி நேராக இடது இறக்கைக்குப் போனான்.

"நுனி எப்படி?"

அவளுக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. "பெருசா ஒண்ணும் வித்தியாசம் தெரியலடா."

"உனக்கு எப்படித் தெரியும்? நீ உள்ள உக்காந்திருந்தே. நான்ல கீழேருந்து பார்த்தேன்!"

அன்று சாயந்திரமே தன் டிராக்டரின் இரண்டு மட்கார்டுகளையும் கழற்றி அவள் பந்தலில் கொண்டுவந்து சாய்த்தான். ஓரம் இரண்டும் கீழ்நோக்கிக் குனிய வேண்டுமாம். சாவித்திரி ஃபைபருக்குப் பசை கலக்கத் தொடங்கினாள்.