தறிச் சத்தம்

மனநல மருத்துவமனையிலிருந்து நாத்தனார் ரஞ்சிதம் திருத்தணி வீட்டுக்குத் திரும்பியதும், அவளுக்கு அமைதி வேண்டுமே என்று அனுசுயா பகலில் விசைத்தறியை நிறுத்தி வைத்தாள். மாத்திரை போட்டும், தனக்கு மட்டும் கேட்கும் குரல்களுக்குப் பயந்து ரஞ்சிதம் காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். திரும்பக் கொண்டுபோய் விட்டுவிடலாமா என்று நினைத்த கணத்தில் அனுசுயாவுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

வீட்டுக்கே வந்து பார்க்கும் நர்ஸ் சினேகா, இதுவரை யாரும் கேட்காததை ரஞ்சிதத்திடமே கேட்டாள்.

"உங்களுக்கு இன்னா வேணும்கா?"

"தறி ஓட்டச் சொல்லு. அது ஓடினா அவுங்க திட்றது கேக்காது."

அனுசுயா தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவி, மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

"நீதான் சத்தம் போடாதன்னு எல்லாரையும் அதட்டிக்கினு இருந்தியே அண்ணி!"

தறி தடதடத்தது. ரஞ்சிதம் கைகளை இறக்கி, அதனருகே வந்து உட்கார்ந்தாள்.

மதியம் கரண்ட் போனது. ரஞ்சிதத்தின் கைகள் மறுபடி காதுக்குப் போயின. அனுசுயா அவற்றைப் பிடித்துக்கொண்டாள். என்ன செய்வதென்று தெரியாமல், "தடக்கு தடக்கு" என்று வாயாலேயே தறி ஓட்டினாள். ஓட்டி ஓட்டி மூச்சு வாங்கி நின்றாள்.

ரஞ்சிதம் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு மெல்லச் சிரித்தாள்.

"இழை அறுந்துட்ச்சா அண்ணி? முடிச்சு போட்டு ஓட்டு."