கறுத்துப்போன தகடு

சூடான எண்ணெயிலிருந்து செப்புத் தகட்டை இடுக்கியால் வெளியே எடுத்தார் ஆய்வகக்காரர். உள்ளே விடும்போது பளபளவென்றிருந்த தகடு அடுப்புக்கரியாகக் கறுத்திருந்தது. எண்ணெய் சோதனையில் தேறவில்லை என்று அர்த்தம்.

இன்ஜின்களுக்குப் போகும் மசகு எண்ணெயை அந்த ஆலையில் சுத்தம் செய்கிறார்கள். அதற்கு அயனித் திரவம் என்று ஒன்று உண்டு. உப்புதான், ஆனால் காய்ச்சாமலே தண்ணீராய் ஓடுகிற உப்பு. எண்ணெயில் ஊற்றிக் கலக்கினால், கந்தகம் போன்ற கசடுகளை இழுத்துக்கொண்டு அடியில் போய் உட்காரும். உட்காரும்வரை பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். மேலாளரோ பொறுமை கிலோ என்ன விலை என்று கேட்கிற ஆள். தெளிவதற்கு முன்பே எண்ணெயை இறக்கச் சொல்லிவிட்டார். உப்பும் கசடும் கூடவே வந்துவிட்டன. அவைதான் தகட்டைக் கறுக்க வைத்தன.

"தேறிடுச்சுன்னு கையெழுத்துப் போட்டுடுங்க தம்பி. ஊருக்கு மாற்றல் கேட்டீங்கல்ல? அடுத்த வாரமே அனுப்பிடறேன்" என்றார் மேலாளர்.

"இன்ஜினை அரிச்சிடுமே சார்."

"எவன் வண்டியோ, நமக்கென்ன?"

மாற்றல்! அந்த ஒரு சொல்லுக்காக மனுஷன் எவ்வளவு ஏங்கியிருப்பார். அலை எப்போது ஓய, தலை எப்போது முழுக என்று காலம் போய்க்கொண்டிருந்தது. மனைவியோடு ஊரில் இருக்கும் மகள் தவழ்ந்ததையும் நடந்ததையும் போனில்தான் பார்த்தார். ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொள்ளக் கை பரபரத்தது. பேனாவைக்கூடத் திறந்துவிட்டார். ஆனாலும் மனசு கேட்கவில்லை. வராந்தாவுக்கு வந்து மனைவியை அழைத்தார்.

நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு, "வந்துடவா?" என்று கேட்டார்.



"கட்டில்ல உங்க பக்கம் துவைச்ச துணியைக் குவிச்சு வெச்சிருக்கேன், வெறிச்சுன்னு தெரியக்கூடாதுன்னு. நீங்க வரணும்னு என்னைவிட யாருக்குங்க ஆசை?" என்றாள் அவள். "ஆனா அந்த எண்ணெய் ஏதோ ஒரு பஸ்ல போகும். அது நடுவழியில நின்னா, அதுல வர்றவருக்காகவும் ஒருத்தி வாசலைப் பார்த்துக்கிட்டு இருப்பா. அவ வயித்தெரிச்சல்ல நாம சேர்ந்து வாழ வேணாம்."

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலாளர் அறைக்குள் போனார்.

"தேறலை சார். திரும்பக் கலக்கித் தெளிய விடணும்."

"பிழைக்கத் தெரியாத ஆளய்யா நீர். உமக்கு நான் லஞ்சமா கொடுத்தேன்? உம்ம பெண்டாட்டி பிள்ளைகிட்டதானே அனுப்பறேன்னேன்."

"ரூபா நோட்டு மட்டும் லஞ்சமில்லை சார். ஏங்கிக் கிடக்கிறவன்கிட்ட அவன் ஏங்குறதையே நீட்டி வாயை அடைக்கறீங்க பாருங்க, அதைவிடப் பெரிய லஞ்சம் கிடையாது."